பூட்டுக்குக் கட்டம் இல்லை

ஜனவரி 12, திங்கள்

இயக்குநர் பலராமன் இன்று என்னை உட்காரச் சொன்னார். பதினோரு வருடத்தில் அந்த அறை நாற்காலியில் நான் உட்கார்ந்தது மூன்று முறை இருந்தால் அதிகம். அவர் பல்கலைக்கழகத்தின் விரிவாக்கத் துறைக்கு இயக்குநர். நான் பொருளாதாரத் துறையில் தொகுப்பூதியத்தில் பாடம் நடத்திக்கொண்டு, நாட்டு நலப்பணித் திட்டத்தையும் இழுத்துக்கொண்டு போகிறவள். அவருக்குத் தேவைப்படும்போது கையெழுத்துப் போடுவேன், மற்ற நாட்களில் வராண்டாவில் வணக்கம் வைப்பேன்.

"வேதவல்லி, நெடுங்கூர்ப்பட்டுல நம்ம சமூக ஈடுபாட்டு மையம் வரப்போகுது. நூலகம், கூட்ட அரங்கு, பசங்க தங்க ரூம், எல்லாம். ஏரிக்கரைத் தெருவுல எடம் காலியா கிடக்கு. இருபத்தாறாம் தேதி கிராம சபைல தீர்மானம், அன்னைக்கே துணைவேந்தர் கையால அடிக்கல். நீங்க இருபதாம் தேதி முகாமை அங்கேயே போட்டுடுங்க."

பிறகு கோப்பை மூடிக்கொண்டே, ஏதோ மறந்ததைச் சொல்வது போல, "மையத்துக்கு ஒருங்கிணைப்பாளர் போஸ்ட் ஒண்ணு இருக்கு. நிரந்தரம். உங்க பேரத்தான் எழுதியிருக்கேன்" என்றார்.

வெளியே வந்து கழிப்பறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். சந்தோஷ அழுகைதான். ஒவ்வொரு ஜூன் மாதமும் 'அடுத்த வருடம் உண்டா' என்று அலுவலக வாசலில் நின்று கேட்டவளுக்குத்தான் அது தெரியும்.

இடம் காலி என்பதை நம்முடைய போன வருடக் கணக்கெடுப்பில் இருந்தே எடுத்ததாகச் சொன்னார். மாணவர்கள் வீடு வீடாகப் போய் எழுதியது. நான் கையெழுத்துப் போட்டேன், அவ்வளவே.

வீட்டில் கேஸ் தீர்ந்துவிட்டது. உப்புமாவைப் பக்கத்து வீட்டு அடுப்பில் கிண்டி எடுத்து வந்தேன்.

ஜனவரி 16

மாட்டுப் பொங்கல். என் கணவர் மணவாளன் அவருடைய அண்ணன், தம்பி, மச்சான் எல்லோருக்கும் போன் போட்டு "வேதாவுக்குப் பர்மனென்ட் ஆயிடுச்சு" என்று சொல்லிவிட்டார். இன்னும் ஆகவில்லை என்று நான் சொல்லவில்லை. கேட்க நன்றாகத்தான் இருந்தது.

ஜனவரி 20, செவ்வாய்

முகாம் தொடங்கியது. ஐம்பது மாணவர்கள், ஊராட்சிப் பள்ளியில் இரண்டு வகுப்பறை, இரண்டு கழிப்பறை. அதில் ஒன்றுக்குத் தாழ்ப்பாள் இல்லை. அரிசி இரண்டு மூட்டை, துவரம் பருப்பு, கொசுவர்த்தி முப்பது பெட்டி, மண்வெட்டி பதினைந்து. மண்வெட்டி எல்லாம் புதிது, பிடிக்கிற கைகளும் புதிது. நாளைக்குள் பாதிப் பேருக்குக் கொப்புளம் வந்துவிடும்.

தொடக்க விழாவில் ஊராட்சித் தலைவர் ஏகாம்பரம் முக்கால் மணி நேரம் பேசினார். "பல்கலைக்கழகம் நம்ம ஊருக்கு வருது, இனிமே நம்ம ஊரு ஊரு இல்ல" என்று ஆரம்பித்து, அதை எப்படி முடிப்பது என்று தெரியாமல் கை தட்டச் சொன்னார்.

மாணவர்களுக்குத் தலைவியாக நிரோஷாவைப் போட்டேன். புள்ளியியல் மூன்றாம் ஆண்டு. போன வருட முகாமிலும் இருந்தவள், கணக்கெடுப்பில் ஏரிக்கரைத் தெரு அவள் பங்கு. எதையும் இரண்டு முறை எண்ணுகிற பெண். சாப்பாட்டுத் தட்டைக்கூட எண்ணித்தான் அடுக்குவாள். முதுகலைக்கு வடக்கே ஒரு பெரிய நிறுவனத்தில் இடம் கிடைத்திருக்கிறது.

ஏரிக்கரைத் தெரு ஊருக்கு வெளியே, வடக்கே. பள்ளியிலிருந்து பதினைந்து நிமிட நடை. நான் அந்தப் பக்கம் போனதில்லை. நாளை அங்கே கருவேல முள் வெட்டப் போகிறவர்களிடம், கைப்பம்புத் தண்ணீர் உப்புக் கரிக்கும், குடிக்காதீர்கள் என்று சொல்லிவைத்தேன்.

ஜனவரி 21, புதன்

முள் வெட்டப் போன இருபது பேரும் பதினொரு மணிக்கே திரும்பி வந்துவிட்டார்கள். நான் சாம்பாருக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன்.

"என்ன, கை வலிக்குதா ராஜாக்களுக்கு?" என்றேன்.

நிரோஷா மண்வெட்டியைச் சுவரில் சாய்த்தாள். "மேடம், அது காலி எடம் இல்ல."

"பின்ன?"

"முப்பத்திநாலு வீடு. எல்லாம் பூட்டியிருக்கு. ஆனா வாசல்ல பொங்கக் கோலம் இன்னும் அழியல மேடம். கரும்புச் சக்கை கெடக்கு. ஆறு நாளைக்கு முன்னாடி அங்க பொங்கல் வெச்சிருக்காங்க."

"பூட்டியிருக்குன்னா ஆள் இல்லன்னுதானே அர்த்தம்?"

அவள் என்னையே பார்த்தாள். "தெருமுனைல ஜலால் பாய்னு ஒருத்தர் பெட்டிக்கடை வெச்சிருக்கார். கடைக்குள்ள ஒரு கம்பில முப்பத்திநாலு சாவி தொங்குது. ஒவ்வொண்ணுலயும் ஒரு கலர் துணி கட்டியிருக்கு, யாருதுன்னு தெரிய. ஆளே இல்லாத வீட்டுக்கு எதுக்கு மேடம் சாவியைப் பத்திரமா வைக்கணும்?"

சாப்பாட்டு வரிசையைக் கவனிக்கச் சொல்லி அவளை அனுப்பிவிட்டேன். புளி கையில் அப்படியே இருந்தது.

ஒன்றை இங்கே எழுதி வைக்க வேண்டும். பல்கலைக்கழகத்திலிருந்து வந்த கணக்கெடுப்புப் படிவத்தில் இரண்டே கட்டங்கள்: 'வசிப்போர் உண்டு', 'வசிப்போர் இல்லை'. பூட்டிய வீட்டுக்குக் கட்டம் கிடையாது. ஏதாவது ஒன்றில் டிக் விழுந்தால்தான் கணினி அடுத்த வீட்டுக்குப் போகும். படிவத்தை நான் தயாரிக்கவில்லை. பசங்கள் எதில் போட்டிருக்க வேண்டுமோ அதில் போட்டார்கள்.

சாம்பார் புளித்துவிட்டது.

ஜனவரி 22, வியாழன்

உப்பு வாங்கும் சாக்கில் ஜலால் பாய் கடைக்குப் போனேன். உப்பு பள்ளிக்கு எதிர்க் கடையிலேயே கிடைக்கும்.

"கல்லறுக்கப் போயிருக்காங்க டீச்சர்" என்றார். செங்கல் சூளையில் மண் குழைத்துக் கல் அறுப்பதைத்தான் சொல்கிறார். "காணும் பொங்கலுக்கு மறுநாளு மேஸ்திரி லாரி வந்துரும். சட்டி பானை, கோழி, கொயந்த குட்டி எல்லாம் ஏத்திக்கினு பூடுவாங்க. ஆடிக்கு முன்ன மழை எறங்குச்சுன்னா வருவாங்க. வருசா வருசம் இதான். ஓட்டு இங்கதான், ரேஷன் கார்டு இங்கதான்."

"போன வருஷம் ஜனவரியில கணக்கெடுக்க வந்தாங்களே, நீங்க பசங்ககிட்ட இதைச் சொல்லலியா?"

"அந்தப் பொண்ணு கேட்டுச்சே, சொன்னேனே. நோட்டுல கூட எழுதிக்கிச்சு." பொட்டலத்தை நீட்டியவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நீங்க முன்னாடி இங்க வந்துருக்கீங்க இல்ல டீச்சர்?"

இல்லை பாய் என்றேன். ஆள் மாற்றி நினைத்திருப்பார். கண்ணாடி போட்டவர்கள் எல்லோரும் அவருக்கு ஒரே மாதிரி தெரியலாம்.

சாயங்காலம் தலைவர் ஏகாம்பரம் முகாமுக்கு வந்தார். அவரிடமே கேட்டுவிட்டேன். அந்தத் தெருவில் ஆட்கள் இருப்பது உங்களுக்குத் தெரியாதா என்று.

"தெரியாம இன்னா மேடம்? அத்தினி பேரும் எனக்கு ஓட்டுப் போட்டவங்க." குரலைத் தாழ்த்தினார். "ஆனா அவங்க ஒருத்தர்கிட்டயும் பட்டா இல்ல. எல்லாம் நத்தம் பொறம்போக்கு. உங்க யுனிவர்சிட்டியே யாரும் இல்லன்னு எழுதிக் குடுத்துக்கீது. நான் போயி இருக்காங்கன்னு சொன்னா, உங்க கட்டடம் பக்கத்து ஊருக்குப் பூடும். ஊரே என்னை ஏசும். அவங்க வந்தா வேற எங்கனா எடம் பாத்துக்கலாம்."

"எங்கே?"

"பாத்துக்கலாம் மேடம்."

தீர்மானத்தின் வரைவைக் காட்டினார். 'பல்கலைக்கழகம் நடத்திய வீடு வாரியான கணக்கெடுப்பின்படி மேற்படி தெருவில் வசிப்போர் எவரும் இல்லாத காரணத்தால்...' அதன் கீழே இணைப்பாக அந்தப் பட்டியல். முப்பத்திநாலு வரிசை எண், கடைசியில் என் கையெழுத்து. என் கையெழுத்து இவ்வளவு அழகாக இருக்கும் என்று நான் கவனித்ததே இல்லை.

ஜனவரி 23, வெள்ளி

காலையில் இரண்டு மாணவர்களுக்கு வயிற்றுப்போக்கு. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பினேன். சமையல்காரர் கோபித்துக்கொண்டு ஒரு மணி நேரம் காணாமல் போனார்.

பத்து மணிக்கு இயக்குநருக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடித்ததும் எதிர்முனையில் அவர் காப்பி உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"இது இப்ப ஏன் வருது? துணைவேந்தர் தேதி குடுத்தாச்சு, பத்திரிகைக்காரங்களுக்குச் சொல்லியாச்சு. பட்டா இல்லாத எடம், சட்டப்படி அது ஊராட்சி எடம்."

"முப்பத்திநாலு வீடு சார்." முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்ப்பார்கள், ஒரு தெருவை எதில் மறைப்பது என்று கேட்க நாக்கு வரை வந்தது. கேட்கவில்லை.

"சரி, ஒண்ணு செய்யுங்க. அந்தத் தெருவுல எந்தப் பொண்ணு கணக்கெடுத்தாளோ, அவகிட்ட ஒரு விளக்கக் கடிதம் வாங்கி வைங்க. கவனக்குறைவா எழுதிட்டேன்னு. பின்னால யாராவது கேட்டா மாணவர் செஞ்ச தப்புன்னு காட்டலாம். உங்களுக்கும் பாதுகாப்பு."

"அவளுக்கு முதுகலைக்கு இடம் கிடைச்சிருக்கு சார். நன்னடத்தைச் சான்று போகணும்."

"அதெல்லாம் பெருசா ஒண்ணும் ஆகாது. உங்க ஆர்டர் இந்த வாரம் கையெழுத்துக்குப் போகுது, ஞாபகம் இருக்கில்ல?"

மணவாளனிடம் சொன்னேன். "பதினோரு வருஷம் பொறுத்தவ, இன்னும் மூணு நாள் வாயை மூடிக்கிட்டு இருக்க முடியாதா?" என்றார். கெட்ட மனுஷன் இல்லை. அவருக்கும் அலுத்துவிட்டது.

மதியம் நிரோஷாவைக் கூப்பிட்டு, ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, என்ன எழுத வேண்டும் என்று சொன்னேன். சும்மா ஒரு சம்பிரதாயம் என்றேன். அவள் தாளை வாங்கிக்கொண்டாள். உட்காரவில்லை.

"எழுதித் தரேன் மேடம். நடந்ததை எழுதவா, நீங்க சொல்றதை எழுதவா?"

"நிரோஷா."

"நான் பூட்டுன்னுதான் நோட்டுல எழுதுனேன். கல்லறுக்கப் போயிருக்காங்கன்னு பக்கத்துலயே எழுதியிருந்தேன். ரெண்டு கட்டத்துல எதுல போடறதுன்னு உங்களைத்தான் வந்து கேட்டேன். நீங்கதான் 'இல்லை'ல போடுன்னு சொன்னீங்க. நூறு சதவீதம் முடிஞ்சாதான் முகாமை முடிக்க முடியும்னு சொன்னீங்க."

ஆமாம், சொன்னேன். அன்றைக்குக் கடைசி நாள், பேருந்து வந்து நின்றுகொண்டிருந்தது, ஐம்பது பேரும் மூட்டை கட்டி உட்கார்ந்திருந்தார்கள். நூறு சதவீதம் முடித்ததற்கு எனக்கு மாநில அளவில் சிறந்த திட்ட அலுவலர் சான்றிதழும் கிடைத்தது.

தட்டு கழுவவில்லை என்று அவளை எல்லோர் முன்னாலும் திட்டினேன். தட்டு கழுவுவது அவள் வேலையே இல்லை.

ஜனவரி 24, சனி

இன்றைக்கு நிகழ்ச்சி நிரலில் 'கிராம சபையும் மாணவர் பங்கேற்பும்' என்று என்னுடைய உரை. சென்ற மாதமே அச்சடித்தது, மாற்ற முடியாது. பல்கலைக்கழகச் சுற்றறிக்கையை வாசித்தேன். மாணவர்கள் குடிமைப் பொறுப்பை உணர கிராம சபையில் கலந்துகொள்ள வேண்டும், ஆனால் பார்வையாளர்களாக மட்டும். பேச உரிமை அந்த ஊராட்சியின் வாக்காளர்களுக்கே.

"அப்ப ஒரு தீர்மானம் தப்புன்னா யார் மேடம் சொல்லணும்?" என்று பின்வரிசையிலிருந்து ஒருவன் கேட்டான்.

"அந்த ஊர்க்காரங்க."

"அவங்க சூளைல இருக்காங்களே மேடம்."

உரையை அத்துடன் முடித்துக்கொண்டேன்.

மதியம் நிரோஷா ஜலால் பாயிடம் ஒரு எண் வாங்கி வந்து, வராண்டாவில் நாலைந்து பேர் சூழ்ந்து நிற்க, சூளைக்குப் போன் செய்தாள். ஒலிபெருக்கியில் போட்டிருந்தாள். நான் உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்தேன்.

"யாரு பேசறது? பூங்காவனம்தான் பேசறேன். இன்னா பாப்பா? எங்க வூடா? எங்க வூட்டுக்கு இன்னா?"

அந்தக் குரல். நான் அரிசியை விட்டுவிட்டுப் பின்பக்கம் போய், துவைத்த துணிகளை எடுத்து மடித்தேன். பாதி ஈரமாக இருந்தன. அப்படியே மடித்தேன்.

திரும்பி வந்தபோது நிரோஷா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "வரோம்னு சொல்றாங்க மேடம். மேஸ்திரி ஒரு நாள் விடுவாராம். ஆனா நூத்தம்பது கிலோமீட்டர், எப்படி வருவாங்க? அங்கேருந்து பஸ் ரோட்டுக்கே ஏழு கிலோமீட்டர் நடக்கணுமாம்."

அவள் என்னிடம் எதையும் கேட்கவில்லை. தகவலாகத்தான் சொன்னாள்.

ஜனவரி 25, ஞாயிறு

பல்கலைக்கழகப் பேருந்து முகாமுக்காக இங்கேயே நிற்கிறது. இன்று மாலை அது வளாகத்துக்குப் போய், நாளை அடிக்கல் விழாவில் கை தட்ட இன்னும் ஐம்பது மாணவர்களை ஏற்றி வர வேண்டும் என்பது இயக்குநர் போட்ட திட்டம். பயண ஏட்டில் திட்ட அலுவலர் கையெழுத்துப் போட்டால் வண்டி நகரும். அந்த ஒரு அதிகாரம் எனக்கு இருக்கிறது என்பது காலை ஆறு மணிக்கு, பல் துலக்கிக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது.

ஓட்டுநர் டேவிட் அண்ணன் ஏட்டை நீட்டினார். "சூளை எடம் எழுதிட்டேன். பயண நோக்கம்னு ஒரு கட்டம் இருக்குது மேடம். இன்னா எழுதறது?"

"சமூக ஈடுபாடுன்னு எழுதுங்க."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு எழுதினார். "எம்பேர்ல வராதே மேடம்?"

"வராது அண்ணா. கையெழுத்து என்னுது."

நிரோஷாவையும் இன்னும் ஐந்து மாணவர்களையும் துறை உதவியாளரையும் ஏற்றி அனுப்பினேன். நீங்க வரலியா மேடம் என்று நிரோஷா கேட்டாள். முகாமில் ஆள் வேண்டாமா, வயிற்றுப்போக்குக்காரர்கள் இருக்கிறார்கள், சமையல்காரரை நம்ப முடியாது என்று அடுக்கினேன். வயிற்றுப்போக்குக்காரர்கள் இருவரும் அந்த நேரம் கபடி ஆடிக்கொண்டிருந்தார்கள்.

எனக்குப் பூங்காவனத்தின் முகத்தைப் பார்க்கத் துணிச்சல் இல்லை. இதற்கு மேல் இன்று எழுத முடியாது.

பின்சேர்க்கை: ஆறு மணிக்கு இயக்குநர் போன் செய்தார். "பஸ் கிளம்பிடுச்சா?" கிளம்பிடுச்சு சார் என்றேன். பொய் இல்லை. "அந்தப் பொண்ணோட கடிதம்?" என்கிட்ட இருக்கு சார் என்றேன். அதுவும் பொய் இல்லை. தாள் என்னிடம்தான் இருக்கிறது, அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

ஜனவரி 26, திங்கள்

கொடியேற்றம் எட்டரைக்கு. மாணவர்களுக்கு மிட்டாய். கிராம சபை பதினொன்றுக்கு, மாரியம்மன் கோயில் எதிரில் பந்தல். அடிக்கல் பன்னிரண்டரைக்கு. கல்லுக்கு மஞ்சள் துணி போர்த்தி, சாமந்தி மாலை போட்டு, ஏரிக்கரைத் தெருவில் நாலாவது வீட்டு வாசலில் வைத்திருந்தார்கள். துணைவேந்தரின் கார் கிளம்பிவிட்டதாகப் பத்து மணிக்குச் செய்தி.

பத்தே கால் ஆகியும் பேருந்து வரவில்லை. நிரோஷாவின் போன் அணைந்திருந்தது. இயக்குநர் வந்து இறங்கியதும், "நம்ம பசங்க எங்க?" என்றார். வழியில் இருக்கிறார்கள் சார் என்றேன். மிட்டாய்த் தட்டை எடுத்து அவர் முன்னால் நீட்டினேன்.

சபை தொடங்கி, பொதுச் செலவு, தெருவிளக்கு, டெங்கு எல்லாம் ஆகி, ஊராட்சிச் செயலர் ஏழாவது தீர்மானத்தை எடுத்தபோது பேருந்து சத்தம் கேட்டது. பல்கலைக்கழகத்தின் பெயரைப் பெரிதாக எழுதிய நீலப் பேருந்து. அதிலிருந்து ஆட்கள் இறங்கினார்கள். ஆண்கள், பெண்கள், இடுப்பில் குழந்தைகள். முழங்கால் வரை செம்மண் காய்ந்திருந்தது, கழுவக்கூட நேரமில்லாமல் வந்திருக்கிறார்கள். பந்தலுக்குள் வராமல் வழக்கம்போல் ஓரத்தில் நின்றார்கள். ஐம்பத்திரண்டு பேர் என்று நிரோஷா பிறகு சொன்னாள். அவள்தான் எண்ணியிருப்பாளே.

இயக்குநர் என் பக்கம் திரும்பவில்லை. அவருடைய கழுத்து மட்டும் சிவந்தது.

செயலர் தீர்மானத்தை வாசித்தார். 'வசிப்போர் எவரும் இல்லாத காரணத்தால்' என்ற இடத்தில் நாக்கு தடுமாறியது. யாராவது மறுப்பு உண்டா என்று தலைவர் கேட்டார், காதில் விழாத மாதிரியான குரலில்.

ஓரத்தில் நின்ற கூட்டத்திலிருந்து ஒரு பெண் முன்னால் வந்தாள். ஐம்பது வயது இருக்கும். புடவையைத் தூக்கிச் செருகியிருந்தாள்.

"தலைவரே, நான் பூங்காவனம். வார்டு நாலு. ஓட்டு இங்கதான். யாருமே இல்லன்னு எழுதிக்கிறீங்களே, யாரு எழுதனது?"

"பல்கலைக்கழகம் கணக்கெடுத்ததும்மா."

"அப்டின்னா யாரு? அதுக்கு ஒரு ஆளு இருக்கும் இல்ல?"

இயக்குநர் எழுந்தார். அவர் பேசினால் எதையும் சரிசெய்துவிடுவார், அவ்வளவு நயமான குரல். "அம்மா, பசங்க படிக்கிறவங்க. ஒரு மாணவி கவனக்குறைவா எழுதிட்டா. அதுக்கு அவகிட்ட விளக்கம் கேட்டிருக்கோம், நடவடிக்கையும் எடுப்போம். ஆனா இப்ப எல்லா ஏற்பாடும்..."

பேருந்துப் பக்கத்தில் நிரோஷா நின்றிருந்தாள். நேற்றுக் காலையிலிருந்து அலைந்து, தூங்காத முகம். அவள் என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கத்தியிருந்தால்கூட எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

"மாணவி இல்லை" என்றேன்.

மைக் என்னிடம் இல்லை, அதனால் மறுபடி உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது. "மாணவி இல்லை. அந்தப் பொண்ணு பூட்டியிருக்குன்னு சரியாத்தான் எழுதினா. இல்லைன்னு போடச் சொன்னது நான். கையெழுத்தும் நான்."

"வேதவல்லி, உக்காருங்க" என்றார் இயக்குநர். "நீங்க இந்த ஊர் வாக்காளர் இல்ல, இங்க பேச உங்களுக்கு உரிமை கிடையாது."

சரியாகத்தான் சொன்னார். நேற்று முன்தினம் நானே நடத்திய பாடம்.

"அவங்க பேசட்டும், நான் கேக்கறேன்" என்றாள் பூங்காவனம். இரண்டு அடி பக்கத்தில் வந்து என்னைப் பார்த்தாள். எனக்குத் தெரியும், அடுத்தது என்ன வரும் என்று. இந்த ஏழு நாளும் இந்த ஏட்டில்கூட அதை எழுதாமல் சுற்றிச் சுற்றி வந்தேன்.

"டீச்சரம்மா! நீயா? ஐப்பசி மழைல நனைஞ்சிக்கினு வந்து எங்க வூட்ல ஒதுங்குனியே. எம்மருமவ பொடவையைக் கட்டிக்கினு உக்காந்திருந்தியே. கூழு குடுத்தேன், குடிச்சியே."

ஆமாம். இரண்டு வருடங்களுக்கு முன்னால், முகாமுக்கு ஊர் பார்க்க வந்த முதல் நாள். மூன்று மணி நேரம் அந்த வீட்டில் இருந்தேன். எத்தனை பேரப்பிள்ளைகள் என்று தெரியும், கைப்பம்புத் தண்ணீர் உப்புக் கரிக்கும் என்று தெரியும், பொங்கல் முடிந்ததும் கல்லறுக்கப் போவார்கள் என்பதும் தெரியும். அவளே சொன்னாள். பட்டியலில் பதினேழாவது எண் அவள் வீடு.

"ஆமாம்மா" என்றேன்.

"அப்ப எழுதறப்ப என் மூஞ்சி உனக்கு ஞாபகம் வர்ல?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். மறந்துவிட்டேன் என்றால் ஊரே நம்பியிருக்கும், அவளும்கூட நம்பியிருப்பாள். ஐம்பது மாணவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வந்துச்சு" என்றேன்.

பூங்காவனம் என்னைத் திட்டவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு செயலரிடம் போனாள். "எழுதிக்கோ. ஒண்ணாம் வூடு, கன்னியப்பன். ஆளு இருக்குது. சொல்லு கன்னியப்பா." அவர் தன் பெயரைச் சொன்னார். அடுத்தவர் சொன்னார். பெண்கள் சொன்னார்கள். வராதவர்கள் பெயரைப் பக்கத்து வீட்டார் சொன்னார்கள். முப்பத்திநாலும் எழுதி முடிக்க நாற்பது நிமிடம் ஆனது. பதினேழாவதைச் சொல்லும்போது அவள் என் பக்கம் பார்க்கவில்லை. தலைவர் ஏகாம்பரம் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, தீர்மானம் திரும்பப் பெறப்படுகிறது என்றார். துணைவேந்தரின் கார் பாதி வழியிலேயே திரும்பிவிட்டதாக யாரோ சொன்னார்கள். இயக்குநரும் காரில் ஏறினார்.

மாணவர்கள் எல்லோருக்கும் புளிசாதம் பரிமாறினார்கள், வந்தவர்களுக்கும் சேர்த்து. நான் பரிமாறப் போகவில்லை. நான் கொடுத்தால் அவள் வாங்குவாளா என்று பயமாக இருந்தது.

இரண்டு மணிக்குப் பேருந்து திரும்ப வேண்டும், நாளைக் காலை சூளையில் நிற்க வேண்டும் என்பது மேஸ்திரி போட்ட நிபந்தனை. எல்லோரும் ஏறிய பிறகு பூங்காவனம் படியில் நின்றாள்.

"அடுத்த வருசம் நீயா வருவ?"

"தெரியலம்மா. வேற யாராவது வருவாங்க."

"யாரு வந்தாலும் கார்த்திகைல வரச் சொல்லு. நாங்க இருப்போம்."

ஏறிக்கொண்டாள். சன்னலோரம் உட்கார்ந்தாள், ஆனால் வெளியே பார்க்கவில்லை.

ஜனவரி 28

பல்கலைக்கழகப் பேருந்தை அனுமதியின்றி வெளியாட்களுக்குப் பயன்படுத்தியது ஏன் என்று ஒன்று, தவறான புள்ளிவிவரத்துக்குக் கையெழுத்திட்டது ஏன் என்று இன்னொன்று. இரண்டு குறிப்பாணைகளும் ஒரே உறையில் வந்தன. நிரோஷாவின் பெயர் எங்கேயும் இல்லை என்று மூன்று முறை பார்த்துக்கொண்டேன்.

மணவாளன் இரண்டு நாளாகப் பேசவில்லை. இன்று காலை காப்பி மட்டும் போட்டுக் கொடுத்தார்.

பிப்ரவரி 2

திட்ட அலுவலர் பொறுப்பிலிருந்து விடுவித்துவிட்டார்கள். ஜூனுக்குப் பிறகு வகுப்பும் இருக்காது என்று துறையில் சொன்னார்கள். ஒப்படைப்புப் பட்டியலில் மண்வெட்டி பதினைந்து, அண்டா நான்கு, பதாகை இரண்டு என்று எழுதிக்கொண்டு வந்தேன். கடைசியில் 'அடுத்து வருபவருக்கான குறிப்புகள்' என்று ஓர் இடம் இருந்தது. நெடுங்கூர்ப்பட்டு முகாமை ஜனவரியில் நடத்த வேண்டாம், கார்த்திகையில் நடத்தவும் என்று எழுதினேன். பொறுப்பேற்க வந்திருந்த இளைஞர் அதைப் படித்துவிட்டு, கார்த்திகையில் செமஸ்டர் தேர்வு இருக்குமே மேடம், காரணம் ஏதாவது போட்டால்தான் மேலே ஒத்துக்கொள்வார்கள் என்றார்.

பேனாவை மறுபடி வாங்கி, காரணம்: அப்போது அவர்கள் வீட்டில் இருப்பார்கள், எனக்கு முன்பே தெரியும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.